யாருடைய பாடு?

சென்ற ஆண்டு தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின், பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். சென்னையில் வேலை பார்ப்பவர். விடுமுறை நாள்களில் அங்குள்ள விலங்குக் காப்பகம் ஒன்றில் தொண்டு செய்பவர். அவர் கையில் ஒரு நிழற்படம் இருந்தது. பால் வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் நெடிய கால்களும் கொண்ட ஒரு நாய், கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று கொண்டிருந்தது.

“ஃபாதர், இது ராஜபாளையம். பதினோரு மாசமா காப்பகத்துலயே கிடக்குது. குட்டியா இருந்தா உடனே யாராவது எடுத்துட்டுப் போயிடறாங்க. இவ்ளோ பெருசைப் பார்த்ததும் பின்வாங்கிடறாங்க. நம்ம ஊர்ல இடமும் இருக்கு, மீனும் இருக்கு. ஞாயித்துக்கிழமை பூசையில நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

முதலில் வளர்த்தவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள் என்று கேட்டோம். சற்றுத் தயங்கிய பிறகே விடை வந்தது. அந்த நாய்க்குக் காது கேட்காது. தூக்கத்தில் இருந்தபோது வீட்டுக் குழந்தை திடீரெனத் தொட்டதால் திடுக்கிட்டுக் கையைக் கடித்துவிட்டது. காயம் ஆறிவிட்டது; அச்சம் ஆறவில்லை. “அதை மட்டும் சொல்ல வேணாம் ஃபாதர். சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்க” என்றார்.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிறன்று திருமண அறிவிப்புகளுக்கும் அன்பியக் கூட்ட அறிவிப்புகளுக்கும் பின், “நல்ல காவல் நாய் ஒன்றுக்கு அன்பான குடும்பம் தேவை” என்று வாசித்தோம். வாசித்ததில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் உண்மையும் அதில் இல்லை.

திருப்பலி முடிந்ததும், கருவாடு காயவைத்துப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் நம்மை நிறுத்தினார். “அவ்ளோ நல்ல நாயின்னா, ஏன் சாமி வுட்டுட்டாங்க?” நம்மிடம் விடை இல்லை. அருகில் நின்ற வேறொருவர், “பட்டணத்துல வேணாங்கறது எல்லாம் கடைசியில நம்ம ஏரிக்குத்தான் சாமி வருது” என்று சொல்லிச் சிரித்தார். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததைக் கண்ட மக்களின் சிரிப்பு அது. அந்த இரு சொற்களும் பல நாள்கள் நம்மை உறுத்தின. அந்த உறுத்தலின் விளைவே இக்கட்டுரை.

முதலில் எழுவது எளிய கேள்வி. ஒரு நாய்க்கு வீடு தேடுவது கிறிஸ்தவர்களாகிய நமக்கு உரிய வேலைதானா? நமது குப்பங்களில் ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறைகள் நெருங்கி வாழும் வீடுகள் உண்டு. முகத்துவாரத்தை மணல் அடைக்கும் காலங்களில், வலை வெறுமையாகத் திரும்ப, அடகுக்கடைக்குச் செல்லும் குடும்பங்கள் உண்டு. மனிதருக்கே இடமில்லாத ஊரில் நாய்க்கு இடம் கேட்கலாமா?

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இக்கேள்விக்கு இரு முனைகளிலும் விடை தருகிறது (எண்கள் 2415 முதல் 2418 வரை). விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது. அதே வேளையில், மனிதத் துயரைத் துடைக்கவேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மீது திருப்புவதும் தகாது. விலங்கன்பர்கள் முன்பாதியை மட்டும் படிக்கிறார்கள். விலங்குகளை வெறுப்பவர்கள் பின்பாதியை மட்டும் படிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே திருச்சபையின் மனம்.

திருவிவிலியத்தில் நாய்க்கு நல்ல பெயர் அதிகம் இல்லை. தெருக்களில் அலையும் தீட்டுப்பட்ட விலங்காகவே அது பெரும்பாலும் தோன்றுகிறது. எனினும் தோபியாவின் நெடும் பயணத்தில் வானதூதரோடு ஒரு நாயும் வழித்துணையாகச் சென்றது. நினிவே நகரை ஏன் அழிக்கவில்லை என்று யோனாவுக்கு விளக்கும்போது, ஆண்டவர் அந்நகரின் விலங்குகளையும் கணக்கில் சேர்த்தார். கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிய புனித ரோக்குக்கு நாய் ஒன்று அப்பம் கொண்டுவந்ததாக மரபு கூறும். நம்மவர் ஆரோக்கியநாதர் என்று அழைக்கும் அப்புனிதரின் சுரூபத்தருகே இன்றும் அந்த நாய் நிற்பதைக் காணலாம்.

இவை எல்லாவற்றையும்விட நம்மைச் சிந்திக்க வைப்பது செல்வரும் இலாசரும் உவமையே. இலாசரின் புண்களை நாய்கள் வந்து நக்கின என்று லூக்கா எழுதுகிறார். அந்த ஏழை எவ்வளவு தாழ்த்தப்பட்டார் என்பதைக் காட்டவே அது சொல்லப்பட்டது என்பர் அறிஞர். அவ்வாறே இருக்கட்டும். ஆயினும் அந்த ஏழையும் அந்த நாய்களும் வாயிலின் ஒரே பக்கத்தில் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஏழையின் உணவைப் பறித்தது நாய் அன்று. உள்ளே விருந்துண்டவரின் மறதியே பறித்தது. இரக்கம் என்பது குடத்து நீர்போல், ஒருவருக்கு ஊற்றினால் மற்றவருக்குக் குறைந்துவிடும் பொருள் அன்று. விலங்கினிடத்தில் இரங்கப் பழகியவர் மனிதரிடத்திலும் எளிதில் இரங்குவார் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினார் எழுதினார். 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கருத்தை விரித்துரைத்தார்.

ஆகவே வீடு தேடலாம். ஆனால் எப்படித் தேடுவது? உண்மையான கேள்வி இதுவே.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் அழகான சட்டம் ஒன்று உண்டு. வழிதவறித் திரியும் பிறருடைய மாட்டையோ ஆட்டையோ கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாகாது. உரியவர் தொலைவில் இருந்தாலோ, யாரென்று தெரியாவிட்டாலோ, அவர் தேடி வரும்வரை அதை நம் வீட்டிலேயே வைத்துக் காக்க வேண்டும். இன்றைய காப்பகங்கள் செய்வது இந்த வேலையைத்தான். 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பும், அதன்பின் தோன்றிய பல காப்பகங்களும் ஊரார் முகம் திருப்பிய உயிர்களை உள்ளே அழைத்துக்கொண்டன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அன்று உரியவர் தேடி வருவார். இன்று பல வேளைகளில் உரியவரே விட்டுவிட்டுப் போனவராக இருக்கிறார். வளர்ப்பு விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதன்முறை குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். ஓர் உயிரைக் கைவிடுவதை நாம் எவ்வளவு சிறியதாக எண்ணினோம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

காப்பகம் அடைக்கலம் தரும். அது இல்லம் ஆகிவிடாது. பெரிய நாய்கள் அங்கே நெடுங்காலம் காத்துக் கிடக்கின்றன. அவற்றுக்குத் தீனிச் செலவு அதிகம். வாடகை வீட்டு உரிமையாளர்கள் ஒப்புவதில்லை. அவற்றின் உருவமே அச்சம் தருகிறது. ராஜபாளையம் நாய் நமது மண்ணின் பெருமை என்பதற்காக 2005-இல் இந்திய அஞ்சல் துறை அதற்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அஞ்சல்தலையில் இடம் பெற்ற இனத்துக்கு வீட்டு முற்றத்தில் இடம் கிடைப்பது அரிதாக இருக்கிறது. வெள்ளைத் தோல் கொண்ட அவ்வினத்தில் பிறவிச் செவிடு அவ்வப்போது காணப்படுகிறது என்பதும் வாங்குவோரிடம் சொல்லப்படுவதில்லை.

இப்போது, நாம் மறைத்த அந்தக் கடிக்கு வருவோம். விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம் முட்டும் மாட்டைப் பற்றிப் பேசுகிறது. மாடு முதன்முறையாக ஒருவரை முட்டிக் கொன்றால் உரிமையாளர் மேல் குற்றமில்லை. அது முன்பே முட்டும் வழக்கமுடையது என்று அறிவிக்கப்பட்டிருந்தும் அவர் கட்டிக் காக்கத் தவறினால், குற்றம் அவருடையதே. மாட்டின் கொம்பு இரு முறையும் ஒன்றுதான். அறிந்திருந்தார் என்பதே வேறுபாடு. அறிந்தவன் பொறுப்பாளி ஆகிறான். அறிந்ததைச் சொல்லாமல் ஒப்படைப்பவனோ, பொறுப்பைத் தான் வைத்துக்கொண்டு, ஆபத்தை மட்டும் மற்றவன் வீட்டுக்கு அனுப்புகிறான்.

நமது குப்பத்தில் அந்த ஆபத்து சிறியது அன்று. குழந்தைகள் வெறுந்தரையில் திண்ணையில் உறங்குகிறார்கள். வெறிநோய் பிடித்ததாக ஐயுறப்படும் விலங்குகளின் கடிக்கு ஆளாவோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. மணலில் பெண்கள் காயவைக்கும் மீனும் உண்டு. தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறிப் பங்குனி ஆமைகள் இடும் முட்டைகளும் உண்டு. அவற்றைத் தோண்டித் தின்பவற்றுள் நாய்களும் அடங்கும். ‘நம்ம ஊர்ல இடம் இருக்கு’ என்று அவ்விளைஞர் சொன்னார். ஏழைகளின் வெளி வெற்றிடம் அன்று. அங்கே பலருடைய வாழ்வு பரந்து கிடக்கிறது.

பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் மீன்வளம் மிக்க இடங்களை ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்து, சீட்டுப் போட்டுக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொள்ளும் பழைய வழக்கம் அது. நல்ல இடமும் மெலிந்த இடமும் மாறி மாறி வரும். இன்று யாருக்கு எது என்பதை எல்லோர் முன்னிலையிலும் அறிவிப்பார்கள். இதே சொல்லைத்தான் நாம் ஆண்டவரின் துன்பங்களுக்கும் வழங்குகிறோம். பங்கும் துன்பமும் நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் அடங்குவது நமக்கு ஒரு மறையுரையாகத் தோன்றியது. ஓர் உயிரைப் பேணுவதும் பாடுதான். அதை எல்லோரும் அறியப் பகிர்ந்தால் அது பங்கு. அறியாதவன் தலையில் இரவோடிரவாக இறக்கி வைத்தால் அது அநீதி.

அடுத்த ஞாயிறு மீண்டும் அறிவித்தோம். முந்தைய வாரம் நாம் முழுமையாகச் சொல்லவில்லை என்பதை முதலில் சொன்னோம். பின், நாய்க்குக் காது கேட்காது என்பதையும், அது ஒரு குழந்தையைக் கடித்தது என்பதையும், எந்தச் சூழலில் கடித்தது என்பதையும் சொன்னோம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்குத் தருவதாக இல்லை என்றும் அறிவித்தோம். இரண்டு வாரங்கள் யாரும் வரவில்லை. இளைஞர் நம்மீது வருத்தத்தோடு சென்னைக்குத் திரும்பினார்.

மூன்றாம் வாரம், மனைவியை இழந்து தனியே வாழும் வலை பின்னும் பெரியவர் ஒருவர் வந்தார். “எனக்கும் ஒரு காது சரியாக் கேக்காது சாமி. ரெண்டு பேரும் சமாளிச்சுக்குவோம்” என்றார். அவர் சொன்ன சொல்லை மட்டும் நம்பி நாம் நாயைக் கொடுத்துவிடவில்லை. மூன்று முறை காப்பகத்துக்குச் சென்று அதனோடு பழகினார். பங்கின் இளைஞர்கள் அவர் முற்றத்துக்கு உயரமான வேலி அமைத்தார்கள். ஆண்டுதோறும் தடுப்பூசிச் செலவைத் தாம் ஏற்பதாக அந்தச் சென்னை இளைஞர் சொன்னார். ஒத்துவராவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் காப்பகத்தார் எழுதிக் கொடுத்தார்கள். உறங்கும்போது கிட்டப் போக வேண்டுமானால் முதலில் தரையைக் காலால் தட்ட வேண்டும் என்று பெரியவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த அதிர்வை அது அறிந்துகொள்ளும்.

முதல் இரண்டு நாள்கள் நாய் உணவைத் தொடவில்லை. இரவெல்லாம் குரைத்ததாக அண்டை வீட்டார் குறை சொன்னார்கள். இன்றும் ஒரு தாய் தம் குழந்தையோடு அவ்வழியே வரும்போது எதிர்ப்பக்கம் ஒதுங்கியே நடக்கிறார். அவருடைய அச்சத்தை நாம் குறை கூறவில்லை. அதை மதிப்பதும் இந்தப் பாட்டில் அடங்கும்.

அந்தக் கருவாட்டு மூதாட்டியை அண்மையில் சந்தித்தோம். “இப்ப சொன்னீங்க பாருங்க சாமி, இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன்” என்றார். நாம் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டோம்.

அன்பர்களே, நமது கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவது நாய் மட்டும் அன்று. வயதான தாய் ஒரு மகன் வீட்டிலிருந்து இன்னொரு மகன் வீட்டுக்கு மாறுகிறாள். நோயுற்ற உறவினர் இல்லங்களில் சேர்க்கப்படுகிறார். நிலமும் கடனும் பணியும் கைமாறுகின்றன. அவ்வேளைகளில் எல்லாம் நாம் எதைச் சொல்கிறோம், எதை விட்டுவிடுகிறோம்? ஒப்படைத்த பின் திரும்பிப் பார்க்கிறோமா? சுமையை இறக்கி வைத்ததும் நமக்கு உண்டாகும் நிம்மதி, அதை ஏற்றுக்கொண்டவர் முழு உண்மையையும் அறிந்த பின்னும் நிலைக்கக் கூடியதா? அந்த நிம்மதிக்கு மட்டுமே நாம் உரியவர்கள்.