மணலாற்றுக்கும் ஒரு படகு

பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஆம்பூர்ப் பக்கம் அதை நடந்தே கடக்கலாம். ஆனால் 1903 நவம்பரில் வாணியம்பாடியை அதுதான் வாரிக்கொண்டு போனது. 2021 நவம்பரிலும் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் கரைபுரண்டு ஓடியது. அப்படியொரு நாளில் மீட்புப் படகின் மோட்டார் கிளம்பாவிட்டால்?

பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு ஓடுவதைவிடச் சும்மா கிடப்பதுதான் எமன். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் மாதக்கணக்கில் வற்றி, பிசின்போல் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துவிடும். பெட்ரோலில் இப்போது கலக்கும் எத்தனால் ஈரத்தை வேறு இழுக்கும். அப்புறம் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிப்பதுதான் மிச்சம்.

இழுக்கும் முன் எளியதைப் பாருங்கள். கில் சுவிட்ச் கிளிப் மாட்டியிருக்கிறதா? டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பல்பை அமுக்க அமுக்க அது கெட்டிப்பட வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறியைச் சந்தேகியுங்கள். என்னைக் கேட்டால், பாதிக் கோளாறை இந்தப் பிளக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதில் இறக்கி, மாதம் ஒருமுறை சற்று நேரம் ஓட்டுங்கள். நிறுத்தும்போது பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் காலியாகித் தானே அணையும்வரை ஓடவிடுங்கள்.