தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

கதவு செய்யச் சொல்லி ஆசாரியிடம் போனால், தாழ்ப்பாள் உள்ளே வேண்டுமா, வெளியே வேண்டுமா, இரண்டு பக்கமுமா என்று கேட்பார். மரம், விலை, கீல் எல்லாம் பேசி முடித்தபிறகு போகிற போக்கில் கேட்கப்படும் கேள்வி அது. பெண்களின் பாதுகாப்பைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்செல்லாம் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறது. எத்தனை கேமரா, சுவர் எத்தனை அடி, கேட் எத்தனை மணிக்கு மூடும் என்றெல்லாம் பேசுகிறோம். திறக்கும் உரிமை உள்ளே இருப்பவளுக்கா, வெளியே நிற்பவருக்கா என்பதை மட்டும் பேசுவதில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் முதலில் சொல்லிடம் போகிறேன். காப்பு என்றால் பாதுகாப்பு. குழந்தையின் கையில் போடும் வளையமும் காப்பு. நூலின் தொடக்கத்தில் வைக்கும் செய்யுள் காப்பு. பிள்ளைத்தமிழின் முதல் பருவம் காப்பு. திருடன் கையில் போலீஸ் மாட்டுவதும் காப்புதான். தாயின் கையும் விலங்கும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்று சொல்லாராய்ச்சி செய்யலாம். ஆனால் விடுதியில் தங்கிப் படித்த எந்தப் பெண்ணுக்கும் அது தேவைப்படாது. (சிறை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் சிறகு என்றும் பொருள் உண்டு. அது இன்னொரு கட்டுரை.)

திருக்குறளின் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில் 57ஆம் குறளை நடத்தும்போது வகுப்பில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பெண்ணை அடைத்துவைத்துக் காப்பதால் என்ன பயன் என்று வள்ளுவர் கேட்கும் இடத்தில் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். தன் நிறையால் அவள் தன்னைக் காத்துக்கொள்வதே சிறந்த காவல் என்று குறள் முடியும்போது பாதிப் பேர் மறுபடி சாய்ந்துவிடுவார்கள். வெளிக்கதவில் தொங்கிய பூட்டைக் கழற்றியாயிற்று, சரிதான். அது இப்போது அவளுக்குள் மாட்டப்பட்டிருக்கிறது. தாழ்ப்பாள் உட்பக்கம் வந்துவிட்டது என்று மகிழவும் முடியவில்லை. ஏனென்றால் நிறை எது, குறை எது என்று தீர்ப்பவள் அவள் இல்லை.

இது உவமைப் பேச்சு என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. தாழ்ப்பாளால் செத்தவர்களின் கணக்கு இருக்கிறது. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில் ஓர் அரங்கத்தில் 183 குழந்தைகள் நெரிசலில் இறந்தார்கள். பரிசுப்பொருள் வாங்க மாடியிலிருந்து ஓடிவந்த குழந்தைகள் ஒவ்வொருவராக வரட்டும் என்று, கீழ்க்கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து தாழிட்டிருந்தார்கள். உள்ளிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் அவசரத் தாழ்ப்பாளுக்கு 1892இல் அந்த நாட்டில் ஒருவர் காப்புரிமை பெற்றதன் பின்னால் இந்தச் சாவுகள் இருக்கின்றன. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது ஒரு பக்கத்துப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் துணியைத் திருடிவிடாதபடி, எல்லாரும் இன்னொரு கதவு வழியாகக் கைப்பையைத் திறந்துகாட்டிவிட்டுப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. இறந்த 146 பேரில் 123 பேர் பெண்கள், சிறுமிகள். முதலாளிகள் இருவரும் அந்த ஆண்டின் டிசம்பரிலேயே விடுதலையானார்கள். 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கும் கம்பி போட்ட சன்னல்கள், பூட்டிய வழிகள்.

நம் பக்கம் நடந்தது நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகையில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து போனார்கள். அந்தப் பெயருக்குள்ளும் காப்பு இருக்கிறது. சங்கிலி எதற்கு என்று கேட்டிருந்தால் அவர்கள் ஓடிப்போய்விடக் கூடாது, தங்களைக் காயப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று பதில் வந்திருக்கும். அந்தப் பதில் முழுப் பொய்யாகக்கூட இருந்திருக்காது. எனக்குப் பயம் தருவது அதுதான்.

கதவுகளுக்கு மின்பூட்டுப் போடும் தொழிலில் இருப்பவர்கள் பூட்டை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். மின்சாரம் போனால் தானாகத் திறந்துகொள்வது ஒன்று, மின்சாரம் போனாலும் பூட்டியே நிற்பது மற்றொன்று. முதல் வகை ஆளைக் காக்கிறது, இரண்டாம் வகை பொருளைக் காக்கிறது. பணப்பெட்டி அறைக்கு இரண்டாவது சரி. ஆட்கள் இருக்கும் இடத்தில், வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாமல் பூட்டியிருந்தாலும், உள்ளே இருப்பவர் சாவியோ அட்டையோ தேடாமல் கையால் தள்ளி வெளியேற வேண்டும். இது பாலபாடம். இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு நம் விடுதிகளைப் பார்த்தால், பெண்கள் எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் பெண்கள் விடுதியின் கம்பிக் கதவை இரவு 9 மணிக்கு வெளிப்பக்கம் பூட்டுவார்கள். சாவி காவலாளியிடம் இருக்கும். அவர் கேட்டுக்குப் பக்கத்து அறையில் உறங்குவார். உள்ளிருந்து திறக்கும்படி ஒரு வழியாவது வையுங்கள், திறந்தால் மணி அடிக்கும்படி வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள் என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளைங்க ராத்திரி வெளிய போயிருவாங்களே மேடம்" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். தீயைப் பற்றி நான் பேசினேன், ஓடிப்போவதைப் பற்றி அவர் பேசினார். அவருடைய கட்டடத்தில் ஆபத்து என்பது உள்ளே இருக்கும் பெண்தான்.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகள் செய்ததும் இதே கணக்கு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள். மூன்றாண்டு வேலை, முடிவில் திருமணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை, அதுவரை ஆலை விடுதியில் தங்கல். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கை, அவர்கள் வெளியே போகவும் வீட்டாரோடு பேசவும் இருந்த கட்டுப்பாடுகளை விரிவாகச் சொன்னது. பெற்றோரிடம் சொல்லப்பட்ட வாசகம் மட்டும் மிக எளியது: பிள்ளை பத்திரமாக இருப்பாள்.

இதற்கு எதிர்த்திசையிலும் தமிழ்நாட்டில் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தடுத்துவந்தது. காரணம், வேறென்ன, பாதுகாப்பு. வசந்தா வழக்கில் 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசமைப்புக்கு முரணானது என்றது. தடையை எடுத்ததோடு நிற்காமல் போக்குவரத்து, கழிப்பறை, உணவறை, தனியாக அல்லாமல் குழுவாகப் பணி என்று நிபந்தனைகளையும் சொன்னது. பாதுகாப்பைத் தரவேண்டிய கடமை வேலை கொடுப்பவருடையது, அதற்கு விலையாக அவள் வேலையைக் கேட்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. 24 ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் கொல்லப்பட்டபோது, மேற்கு வங்க அரசு அறிவித்த நடவடிக்கைகளில் ஒன்று, முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்ப்பது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்த பிறகே விலக்கிக்கொண்டார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்றவன் சுவரேறிக் குதித்த திருடனில்லை. காவல்துறைக்கு உதவியாக அமர்த்தப்பட்ட தன்னார்வலன். அவனுக்குக் கதவுகள் திறந்தே இருந்தன.

திருநெல்வேலிச் சீமைக்கு இந்தச் சங்கடம் புதிதில்லை. பாளையக்காரர் காலத்தில் தலக்காவல், தேசக்காவல் என்று ஊர் காவலுக்கு வரி கொடுத்தார்கள். களவு போனால் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடு கட்டவேண்டும் என்பது முறை. காவல்கூலி கொடுக்காத ஊரில் களவு கூடும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த முறையைக் குறைசொல்ல வெள்ளைக்காரர்களுக்குத் தங்கள் சொந்தக் காரணங்கள் இருந்தன, அதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது: காவல் தவறினால் காவல்காரர் ஈடு கட்டவேண்டும். இன்றைய வளாகங்களில் காவல் தவறினால் ஈடு கட்டுவது பெண்கள்தான். நூலகம் ஒரு மணி நேரம் முன்னதாக மூடப்படும்.

கேமராவைப் பற்றி என் மாணவிகள் என்னைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் வேண்டும், ஓய்வறை வாசலில் வேண்டாம் என்கிறார்கள். பதிவு யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் காட்டுவார்கள் என்று கேட்கிறார்கள். நிர்பயா நிதியிலிருந்து சென்னை உட்பட எட்டு நகரங்களுக்குப் பாதுகாப்பான நகரம் திட்டம் வந்தது. கேமராக்கள் அதில் பெரும்பங்கு. வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நடந்ததற்குச் சாட்சியாக அவை உதவியிருக்கின்றன. ஆனால் ஒரு பெண் யாரோடு பேசினாள் என்று அவள் அப்பாவுக்குக் காட்டவும் அதே பதிவுதான் பயன்படுகிறது.

கணினிக்கு வந்தால் கதவைவிட நிலைமை மோசம், ஏனென்றால் தாழ்ப்பாள் கண்ணுக்குத் தெரிவதில்லை. துறைக்கு ஒரே கணினி, எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல், அது திரையின் ஓரத்தில் ஒட்டிய தாளில். அதற்குள் மாணவிகளின் புகைப்படம், முகவரி, கைபேசி எண், சாதிச் சான்றிதழ். வாசலில் பார்வையாளர் பதிவேடு, முந்தைய பக்கங்களையும் புரட்டிப் பார்க்கும்படி விரித்தபடி, பெண்களின் எண்களோடு. 2017இல் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளில் பெண்களின் எண்கள் விலைக்குப் போவதாகச் செய்தி வந்தபோது எனக்கு இந்தப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத் தவிர மற்றதை மறைக்கலாம், வருகிறவர் எழுதியதும் தாளைத் திருப்பலாம். செலவே இல்லாத வேலை.

1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு அமெரிக்கக் கணினி அறிஞர்கள் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் இந்தத் துறையில் அடிப்படை. யாருக்கும் அவரவர் வேலைக்குத் தேவையானதற்கு மேல் திறக்கும் உரிமை தராதே என்றார்கள். முக்கியமான பெட்டிக்கு இரண்டு சாவி வை, இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்றார்கள். பாதுகாப்பு முறை புழங்குகிறவருக்கு எளிதாக இருக்கவேண்டும், இல்லையென்றால் அவர் அதைச் சுற்றிப் போய்விடுவார் என்றும் சொன்னார்கள். இதில் நம் பெண்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. சுய உதவிக் குழுக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் வரும். தோழியை நம்பாமல் வைத்த ஏற்பாடு என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே பெண்ணிடம் கணவருக்குத் தெரியாத கடவுச்சொல் ஒன்று உனக்கு வேண்டும் என்றால் மட்டும், நம்பிக்கை இல்லாத குடும்பமா அது என்று கேள்வி வருகிறது.

பத்தமடையில் பாய் நெய்யும் பெண்களுக்கு வீடுதான் வேலையிடம். தாமிரபரணித் தண்ணீரில் ஊறி, காய்ந்து, நாராகக் கிழிபட்ட கோரை வீட்டு மூலையில் கட்டுக்கட்டாக இருக்கும். பாவு தரையோடு தரையாக ஓடும். அடுப்பு நாலடி தள்ளி. அவர்களில் பலர் லெப்பை முஸ்லிம் பெண்கள். அந்தப் பெண்கள் அடைபட்டு வாழ்கிறவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மூத்த நெசவாளியிடம், வேலை செய்யும்போது கதவைப் பூட்டிக்கொள்வதில்லையா என்று கேட்டேன். "பூட்டிக்கிட்டா வெளிச்சம் எங்கேருந்து வரும் டீச்சர்? கோரை கெடக்கு, அடுப்பு கெடக்கு. ஒண்ணுன்னா ஓடணும்லா" என்றார். தீயணைப்புத் துறையின் கையேட்டுக்கு இதற்குமேல் ஒரு வரி தேவையில்லை.

2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பூட்டுப் போட்டாயிற்று. பணத்துக்கு? மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கு இப்போது கைபேசியில் ஆர்டர் வருகிறது. அதே அக்காவின் பெயரில்தான் வங்கிக் கணக்கு. ஆனால், "ஓடிபி அவுக போனுக்குத்தான் வரும். நம்பரை மாத்தணும்னா அவுகளையும் கூட்டிட்டு வரச் சொல்லுதாவ" என்றார். கணக்கு அவருடையது, அடையாள அட்டையும் கையெழுத்தும் அவருடையவை. எண்ணை மாற்ற இன்னொருவர் வந்து நிற்கவேண்டிய தேவை இல்லை. கணவர் நல்ல மனிதர், ஒரு ரூபாய் கேட்காமல் எடுத்ததில்லை என்றும் அவரே சொன்னார். நான் அதை மறுக்கவில்லை. அவர் வெளியூர் போயிருந்தால், அல்லது படுத்துவிட்டால், சாயத்துக்கும் நூலுக்கும் பணம் எப்படி எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கோரையைச் சீவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வங்கிக்குச் சேர்ந்து போனோம். புதிய கைபேசி எண் என்ற கட்டத்தில் பத்து இலக்கத்தையும் அவரே எழுதினார். கைபேசிக்குத் திரைப்பூட்டுப் போட மாட்டேன் என்றுவிட்டார், பேத்தி பாடம் பார்க்க எடுப்பாளாம். பேத்திக்கும் தெரிந்த எண்ணாக ஒன்று வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்கிறார்.