குறையாத பொருள்

பேனாவும் காகிதமும் போதும், எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும் என்று மேடைகளில் பேசி வந்தவன் நான். பேச்சு அப்படி இருக்க, பல வருஷங்களாக ஒரு பழைய மடிக்கணினியில்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அதிலிருந்த விண்டோஸ் 10-க்குத் தன் ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்றிக்கொள்ள என் இயந்திரத்துக்கு அருகதை இல்லை என்று திரையிலேயே எழுதியும் காட்டியது. வயதான குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்புகிற கடிதம்போல் மரியாதையாகத்தான் இருந்தது.

"கடையில கட்டி வெச்சதை வாங்காதீங்க மாமா. பாகம் பாகமா வாங்கி நாமே அசெம்பிள் பண்ணிடலாம்" என்றான் அக்காள் மகன். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிற பையன். இரண்டு பேருமாக ரிச்சி தெருவுக்குப் போனோம்.

இது சாமான் வாங்குகிற காரியமே அல்ல. சம்பந்தம் பேசுகிற காரியம். நாங்கள் எடுத்த ரைசன் பிராசஸர், ஏஎம்5 என்கிற வகை மதர்போர்டில்தான் உட்காரும். அந்த மதர்போர்டோ டிடிஆர்5 ரேமைத் தவிர வேறெதையும் வீட்டுக்குள் சேர்க்காது. ஜாதகம் பார்க்கிறவர்கூட இவ்வளவு கண்டிப்பாக இருக்கமாட்டார். ரேம் விலை ஏறிக் கிடந்த சமயம். பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பையன் யோசித்துவிட்டுச் சரி என்றான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் மலிவானதை அவன் தொடவே விடவில்லை. மின்சாரம் தருகிற பெட்டி சீர்கெட்டால் மற்றதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுமாம்.

வீட்டில் பாயை விரித்துப் பூட்டினோம். பிராசஸரின் முதுகில் சந்தனம்போல் ஒரு பசையை வைத்து, அதன்மேல் விசிறியை இறுக்கினான். ரேம் இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல் ஒன்று விட்டு ஒன்று வைத்தான். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது. திரை மட்டும் இருட்டு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இந்த வகைப் பலகை முதல் தடவை தன் ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷங்கள் எடுத்துக்கொள்ளும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒருவழியாக வெளிச்சம் வந்தது. ஏற்றுவதற்கு இயங்குதளம் எதுவும் இல்லை என்று எழுத்து வந்தது. உடம்பு தயார், உயிரைக் காணோம்.

உயிருக்கும் விலை உண்டு. விண்டோஸ் 11-இன் விலையைப் பார்த்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பையன் சிரித்தான்.

"எதுக்கு மாமா காசு? நான் சும்மாவே போட்டுத் தர்றேன்."

எப்படி என்று நான் கேட்கவில்லை. எப்படி என்பது எனக்குத் தெரியும். சென்ற வருஷம் என் நாவல் ஒன்றை யாரோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கைப்பேசிகளில் உலவ விட்டபோது, 'இது திருட்டு இல்லையா?' என்று கொதித்து ஒரு கட்டுரையே எழுதியிருந்தேன். அதை நினைவூட்டினேன்.

"தெரியும் மாமா. அந்த நாவலை நானும் அதுலதான் படிச்சேன்" என்றான் வெகு சகஜமாக. "கடைசி அத்தியாயத்துல அந்தக் கிழவர் திண்ணையில உட்கார்ந்திருக்கிறது ரொம்ப நல்லா இருந்துச்சு."

எங்கள் குடும்பத்தில் அந்த நாவலைக் கடைசிவரை படித்தவன் அவன் ஒருவன்தான். கோபிப்பதா, கட்டிக்கொள்வதா?

"யாருக்கு நஷ்டம் மாமா? எடுத்தா குறையற பொருளா அது?"

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அடுத்த வீட்டு வாழைத்தாரை நான் வெட்டினால் அவருக்குத் தார் போயிற்று. பிரதி எடுத்தால் அவரிடம் இருந்தது அவரிடமே இருக்கிறது. விளக்கிலிருந்து விளக்கை ஏற்றுகிற மாதிரிதான். முடி வெட்டிக்கொண்டு காசு கொடுக்காமல் ஓடுகிறவனோடு ஒப்பிடலாமா என்று பார்த்தேன். அதுவும் பொருந்தவில்லை, அவன் நாவிதரின் அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டான். என் நாவலுக்கான நேரமோ என்றைக்கோ செலவாகிவிட்டது. கடைசியில் பரிசல்தான் கிடைத்தது. எப்படியும் அக்கரை போகப்போகிற பரிசல். ஓர் இடம் காலி. காசில்லாமல் ஒருவன் ஏறிக்கொண்டால் பரிசல்காரனுக்கு அந்த நடையில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறவன் முகத்தை அவன் எப்படிப் பார்ப்பான்? எல்லாரும் அவனைப்போலவே ஏறினால் அடுத்த வருஷம் துறையில் பரிசல் இருக்குமா?

நம் நாட்டின் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இன்று இருக்கிறபடி, கணினி நிரலையும் 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில் சேர்த்திருக்கிறது. எனக்கு இது பெரிய சமாசாரம். நிரல் எழுதுகிறவனும் நானும் சட்டத்தின் முன் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த வழக்கு சொந்தக் கணினி அளவுக்கே பழையது. 1975-இல் அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்ற கணினியைப் பாகங்களாக விற்றார்கள். ஆர்வலர்கள் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். அதற்கென்று எழுதப்பட்ட பேசிக் நிரலைக் காகித நாடாவில் பிரதி எடுத்து ஒருவருக்கொருவர் சும்மா கொடுத்தார்கள். 1976 பிப்ரவரியில் அதை எழுதியவர்களில் ஒருவரான பில் கேட்ஸ், உங்களில் பெரும்பாலோர் திருடுகிறீர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 20. பின்னாளில் அவர் பெரும் பணக்காரர் ஆனதை வைத்து அந்தக் கடிதத்தைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலிக்கு இடம் தெரியவில்லை. உழைத்த பையன் கூலி கேட்டிருக்கிறான்.

எதிர்க்கட்சியும் லேசானதல்ல. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். 1991-இல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் பொழுதுபோக்காக எழுதியதை வெளியிட்டார். மறு வருஷம் அதை ஸ்டால்மனின் உரிமத்தின் கீழே கொண்டுவந்தார். அந்த உரிமம் பதிப்புரிமையை ஒழிக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டு, 'உனக்குக் கிடைத்த சுதந்திரத்தோடு இதை அடுத்தவனுக்குக் கொடு' என்று கட்டளை இடுகிறது. இந்தச் சாமர்த்தியத்தை நான் வெகுவாக ரசித்தேன்.

ஆகவே லினக்ஸ் மின்ட் போட்டோம். தமிழ்99 விசைப்பலகை ஒழுங்காக வேலை செய்கிறது. இந்தக் கட்டுரையும் அதில் தட்டியதுதான்.

இந்தக் கதையை நண்பர்களிடம் நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் என் யோக்கியதை ஒரு அங்குலம் வளர்ந்தது. ஒருநாள் பையன் பக்கத்தில் இருந்தான். எல்லாரும் போனபிறகு, "மாமா, விண்டோஸ் காசு மிச்சமானதை நீங்க சொல்றதே இல்லையே" என்றான்.

சுருக்கென்றது. லினக்ஸ் என்ற ஒன்று இல்லாதிருந்தால் அன்று நான் காசு கொடுத்து வாங்கியிருப்பேனா? பையன் கையில் பெட்டியை விட்டுவிட்டுக் காப்பி குடிக்க எழுந்து போயிருப்பேனா? போயிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. சரி, அந்த மாணவரைப்போல் என் அடுத்த நாவலை யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று விடத் தயாரா? இன்று லினக்ஸுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். எனக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று வாதாடலாம். வாதம் சரியானதுதான். ஆனால் 1991-இல் அந்த மாணவருக்கும் யாரும் சம்பளம் தரவில்லை.

பையனுக்கு என் நாவலின் அச்சுப் பிரதி ஒன்றைக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் கை வைத்தான். "இருக்கட்டும்டா" என்று தடுத்துவிட்டேன். அது பதிப்பாளர் எனக்கு இலவசமாகக் கொடுத்த பிரதிகளில் ஒன்று.

மின்ட்காரர்களின் பக்கத்தில் நன்கொடைக்கு ஓர் இடம் இருக்கிறது. விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயமில்லை. இரண்டு தடவை திறந்து, எவ்வளவு போடுவது என்று யோசித்து மூடியிருக்கிறேன்.