லூக் விட்டெறிந்த வாள்

2017 டிசம்பர் 12. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ‘ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடை’ படத்தின் ஐரோப்பிய முதல் காட்சி, இளவரசர்கள் வில்லியமும் ஹாரியும்கூட வந்திருந்தார்கள். முந்தைய படத்தின் கடைசியில் இளம் நாயகி ரே நீட்டிய ஒளிவாளை, பழைய படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் வாங்குவாரா என்று ரசிகர்கள் இரண்டு வருடம் தவம் கிடந்தார்கள். வாங்கினார். வாங்கிய கையோடு தோளுக்குப் பின்னால் விட்டெறிந்தார். (என்னைக் கேட்டால், படத்தின் துணிச்சலான நொடி அதுதான்.)

ஒரு கூட்டம் கொண்டாடியது. இன்னொரு கூட்டம், ‘எங்கள் லூக்கைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று கொதித்தது. படத்தைக் கதைவரிசையிலிருந்தே நீக்கச் சொல்லி மனுப் போட்டவர்களும் உண்டு. லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்கே இயக்குநர் ரியான் ஜான்சனின் கதைப்போக்கு முதலில் ஒப்பவில்லை.

நமக்கு இது புதிதா என்ன? ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்தில் மணிரத்னம் கல்கியின் கதையில் கைவைத்தபோது வாசகர்கள் போட்ட சண்டை கொஞ்சமா?

ஸ்டார் வார்ஸுக்கும் இது புதிதல்ல. லண்டனை ஒட்டிய எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் உருவான அதே வரிசைப் படம் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ 1980-இல் வெளியானபோதும் விமர்சகர்கள் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். இந்த வரிசையில் சிறந்தது எது என்று இன்று கேட்டால், பெரும்பாலோர் கைகாட்டுவது அந்தப் படத்தைத்தான்.