கோழிக்கூடும் அறமும்

கோழிக்கூடு ஒரே நேரத்தில் அடைக்கலமாகவும் சிறையாகவும் இருக்கிறது. பூனைக்கும் பெருச்சாளிக்கும் அடைபடும் கதவு, கோழிக்கும் சேர்த்தே அடைபடுகிறது. கூட்டைக் கட்டுபவர் பெரும்பாலும் அந்தக் கோழியின் முடிவையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார். ஓர் உயிரைக் காப்பதும் அதன் சாவை நிச்சயிப்பதும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கைக்கு உள்ள கடமை என்ன என்பது சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாக எடுத்துப் பேசிய கேள்வி.

கிராமத்தில் இந்தக் கேள்வி அவ்வளவாக உறுத்துவதில்லை. அங்கே மூங்கில் பஞ்சாரம் ராத்திரிக்கு மட்டும்தான். விடிந்ததும் தூக்கிவிட்டால், கோழி குப்பையைக் கிளறி, மண்ணில் புரண்டு, அந்திக்குத் தானே திரும்பி வரும். பெங்களூரின் நீலசந்திராவில் நிலைமை வேறு. தமிழரும் கன்னடரும் உருது பேசும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் நெருக்கமான பகுதி அது. இப்படிப்பட்ட இடத்தில் கொல்லைப்புறம் என்பது துணி துவைக்கும் மூலையாகவோ, மாடிப்படிக்கு அடியில் உள்ள இடமாகவோ, மொட்டை மாடியாகவோதான் இருக்கும். வெளியே விட்டால் நாயும் வண்டியும். ஆகவே கிராமத்துக் கோழிக்குப் படுக்கையாக இருந்த கூடு, நகரத்துக் கோழிக்கு முழு உலகமாகிவிடுகிறது. கட்டுபவரின் பொறுப்பும் அந்த அளவுக்குப் பெருகுகிறது.

கோழியைக் கொல்லலாமா என்பதில் மரபுகள் ஒத்துப்போவதில்லை. திருக்குறள் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் ஒதுக்குகிறது. தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இருக்கமாட்டார் என்று வாங்குபவர் மீதும் பொறுப்பை வைக்கிறது. ஆனால் இரண்டு அதிகாரங்களும் துறவறவியலில் இருப்பதால், இந்த விலக்கு இல்லறத்தாரையும் கட்டுப்படுத்துமா என்ற விவாதத்துக்கு இடமுண்டு.

சமணம் இன்னும் கடுமையானது. ஹொய்சளர் காலத்துக் கன்னடக் கவி ஜன்னா 1209-ல் இயற்றிய யசோதர சரிதெயும், தமிழின் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியமும் ஒரே கதையைச் சொல்கின்றன. தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்கச் சொல்கிறாள் தாய். மகனான அரசன் மறுக்கிறான். கடைசியில் மாவினால் செய்த சேவலைப் பலியிட இருவரும் உடன்படுகிறார்கள். உயிரே இல்லாத சேவலை வெட்டினாலும், வெட்டும் எண்ணம் இருந்தது. அதன் பயனாகத் தாயும் மகனும் விலங்குகளாகவும் பறவைகளாகவும் பிறந்து பிறந்து கொல்லப்படுகிறார்கள். அந்தப் பிறவிகளில் கோழிப் பிறவியும் ஒன்று. இந்தக் கதையின்படி வினை தொடங்குவது கத்தி இறங்கும்போதல்ல, அதற்கான எண்ணம் தோன்றும்போது. அப்படியானால் கறிக்கென்று கூடு கட்ட ஆணியடிக்கும்போதே கணக்கு தொடங்கிவிடுகிறது.

இஸ்லாம் கோழியை உண்ண அனுமதிக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. இறைவன் பெயர் சொல்லி அறுக்க வேண்டும். கத்தி கூராக இருக்க வேண்டும். அறுபடும் உயிருக்கு வேதனையைக் குறைக்க வேண்டும். கிராம தெய்வ வழிபாட்டில் முனீஸ்வரனுக்கோ மாரியம்மனுக்கோ நேர்ந்துவிட்ட சேவல், பலி நாள் வரை தெய்வத்தின் சொத்து. அரசுகளும் பலி விஷயத்தில் ஒரே நிலையில் இல்லை. கர்நாடகத்தில் 1959-ஆம் ஆண்டின் விலங்குப் பலித் தடைச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டின் 1950-ஆம் ஆண்டுச் சட்டமோ 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

உண்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரு வாதம், தின்பவர் இருப்பதால்தான் அந்தக் கோழி பிறந்தது, ஆகவே வளர்ப்பவர் அதற்கு வாழ்வளித்தவர் என்பது. காந்தி லண்டனில் படித்து மனம் மாறிய, மரக்கறி உணவை ஆதரிக்கும் நூலை எழுதிய ஹென்றி சால்ட் இதை மறுத்தார். பிறக்காத ஒன்றுக்கு நன்மை செய்ய முடியாது, பிறந்தபின் செய்வதையே எடைபோட வேண்டும் என்பது அவர் மறுப்பின் சாரம். இந்த மறுப்பை ஏற்றால், வாழ்வளித்தேன் என்ற பெருமை கூட்டின் நெருக்கடிக்குச் சாக்காகாது.

சாவில் பிரியும் மரபுகள், உயிரோடிருக்கும் நாட்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றாகின்றன. ஒரு பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண் தண்டனை அடைந்ததாக நபிமொழி ஒன்று கூறுகிறது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை என்பதே குற்றம். கிறிஸ்தவ நற்செய்தியில் இயேசு தன் பரிவுக்கு உவமையாகச் சொல்வது, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ளும் தாய்க்கோழியை. இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் இதே வழியில், சமயமுறைப்படி கொல்வதைத் தன் 28-ஆம் பிரிவில் குற்றமாக்கவில்லை. ஆனால் நடமாடப் போதிய நீள, அகல, உயரம் இல்லாத கூண்டில் அடைப்பதை 11-ஆம் பிரிவில் குற்றம் என்கிறது.

பூனையின் கதையிலிருந்து கூட்டுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது: வெளியே விடாதவர், வெளியே கிடைத்திருக்கக்கூடிய எல்லாவற்றையும் உள்ளே தர வேண்டும். கோழிக்கு அவை கிளற மண், புரளப் புழுதி, ராத்திரி ஏறி உட்காரக் கம்பு, முட்டையிட இருட்டான மூலை, ஈரமில்லாத தரை, காற்று. பணம் குறைவாக உள்ளவர் எதில் சிக்கனம் பிடிக்கலாம் என்பதையும் இதே அளவுகோல் சொல்கிறது. கூட்டின் சட்டகத்துக்குப் பழைய சாமான் கடை ஜன்னல் போதும். சுவருக்குப் பேக்கிங் பெட்டிப் பலகையும், கூரைக்குப் பழைய தகரமும் போதும். அழகில்லை என்று கோழி குறைப்படாது. தரைப்பரப்பில் குறைக்கக் கூடாது. நாள் முழுதும் அடைபடும் கோழிக்கு இரண்டு சதுர அடி என்பதே மிகக் குறைவு, நான்கு இருந்தால் நல்லது. பணமோ இடமோ போதாவிட்டால் குறைக்க வேண்டியது கோழிகளின் எண்ணிக்கையை. வலையிலும் மிச்சம் பிடிக்க முடியாது. மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, பெருச்சாளியை வெளியே நிறுத்தாது. அதற்கு அரை அங்குலக் கட்டமுள்ள, பற்றவைத்த கம்பிவலை வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தும் தவிர்க்க முடியாத செலவு.

அக்கம்பக்கத்தாருக்கான கடமையும் இதே கணக்கில் வரும். ஈரமான எச்சத்திலிருந்து எழும் நெடி அடுத்த வீட்டுச் சமையலறைக்குப் போகும். தரையில் இரண்டு மூன்று அங்குலம் உமியோ மரத்தூளோ பரப்பி, நனைந்ததை உடனுக்குடன் அள்ளினால் அது அடங்கும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. ஆகவே முட்டைக்கு மட்டும் வளர்ப்பவர் சேவலைத் தவிர்த்தால், விடியுமுன் தெருவை எழுப்பும் கூவலும் இல்லை.

கடைசியாக எழுவது கிழட்டுப் பெட்டையின் கேள்வி. முட்டையிடுவது இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குறைந்துவரும். கோழியோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழக்கூடியது. கொல்லாமையை ஏற்றவர் முட்டையிடாத கோழிக்கும் இடமும் தீனியும் ஒதுக்கியே கூட்டின் அளவைக் குறிக்க வேண்டும். உண்பவர் கூரான கத்தியையும் விரைவான முடிவையும் பொறுப்பாக ஏற்க வேண்டும். கறிக்கடைக்கு விற்பது மூன்றாவது வழியாகத் தோன்றலாம். வாங்குபவருக்குக் குறள் வைத்த பொறுப்பு விற்பவரையும் விடாது என்பதால், அது இரண்டாவது வழியேதான், கத்தி மட்டும் வேறொருவர் கையில். எந்த வழி என்பதைக் கோழி வாங்குவதற்கு முன்பே முடிவு செய்தால்தான், எத்தனை கோழி, எவ்வளவு பெரிய கூடு என்ற கணக்கு சரியாக வரும்.