கடலிலிருந்து பார்த்த கரை

வில்லியம் பவல் ஃப்ரித் வரைந்த 'ராம்ஸ்கேட் மணற்கரை' 1854-இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வந்தது. விக்டோரியா அரசி அதை விலைக்கு வாங்கிவிட்டார். பிறகு சி. டபிள்யூ. ஷார்ப் அதே காட்சியை உலோகத் தகட்டில் செதுக்க, 1859-இல் லண்டன் கலைச் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தாவாக ஒரு கினி கட்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் அச்சுப்படமாகப் போய்ச் சேர்ந்தது. நிறம் உதிர்ந்து கோடு மட்டும் நின்றதில் ஒரு லாபம் உண்டு: யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது துலக்கமாகத் தெரிகிறது.

குடை பிடித்த பெண்கள், செய்தித்தாளில் மூழ்கியவர், தொலைநோக்கியில் கண் பதித்தவர், மணல் தோண்டும் பிள்ளைகள். பெரும்பாலோர் கழுத்துவரை மூடிய நகரத்து உடையில் இருக்கிறார்கள். நீர் விளிம்பில் ஒரு சிறுமி கால் நனைக்கத் தயங்குகிறாள். 1846-இல் ராம்ஸ்கேட்டுக்கு ரயில் வந்த பின் இப்படிப்பட்ட கூட்டம் பெருகியது. கடலோ படத்தின் அடியில் ஒரு கீற்றுதான். ஃப்ரித் கரையில் நின்று கடலை வரையவில்லை. கடலில் நிற்பவர் கண்ணால் கரையை வரைந்தார்.

காரைக்கால் கடற்கரையின் மீனவ ஊரான காரைக்கால்மேட்டில் கடலிலிருந்து கரையைப் பார்ப்பது அன்றாடக் கோணம். தொழிலுக்குப் போன படகு திரும்புகையில் முதலில் தெரிவது கலங்கரை விளக்கமும் மர உச்சிகளும். கிட்ட வந்ததும் கூடையோடு காத்து நிற்கும் பெண்கள். அவர்களும் கடலைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது வேடிக்கை அல்ல. இன்றைய பாடு என்ன என்ற கேள்வி.

வேடிக்கை பார்ப்பவரின் விலகலுக்குத் தத்துவத்திலும் இடம் உண்டு. அழகுணர்ச்சிக்குப் பற்றின்மை அடிப்படை என்றார் தத்துவவாதி காண்ட் (1790). ஆபத்து எட்டத்தில் இருந்தால்தான் அச்சமும் இன்பமாகும் என்றார் அவருக்கு முந்திய பர்க் (1757). முண்டக உபநிடதத்தின் இரு பறவைகளில் ஒன்று கனி உண்கிறது, மற்றது உண்ணாமல் பார்த்திருக்கிறது. அந்தச் சாட்சிப் பறவையைக் காண்ட் சொல்லும் ரசிகனோடு சேர்த்துவிட ஆசை எழும். சேர்க்க முடியாது. சாட்சியின் விலகல் விடுதலையைச் சேர்ந்தது. ராம்ஸ்கேட் கூட்டத்தின் விலகல் விடுமுறையைச் சேர்ந்தது. திரும்பும் ரயில் வரைதான் அதற்கு ஆயுள்.

மீனவர் பார்வையில் அழகு இல்லை என்பதும் தவறு. நீரின் நிறம் மாறுவதைக் கண்டு மீன் கூட்டத்தை ஊகிக்கும் கண், அந்த நிறத்தைக் கரையில் உலாவ வந்தவரைவிட நுட்பமாகவே பார்க்கிறது. பயன் கலந்தால் ரசனை கெடும் என்ற அளவுகோல் ஓய்வாக வந்தவரின் கண்ணுக்கு வெட்டியது. தமிழ் மரபோ கடல் சார்ந்த நெய்தல் திணையின் உரிப்பொருளாக இரங்கலை வைத்தது. அங்கே கடலைப் பார்ப்பவள் ஒருவருக்காகக் காத்திருப்பவள். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமியில் பர்க் சொன்ன எட்டம் இல்லாமல் போயிற்று: காரைக்கால்மேட்டில் ஊராரும் சென்னை மெரினாவில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் ஒரே அலையில் மாண்டனர்.

ராம்ஸ்கேட் போன்ற கூட்டத்தை இந்தக் கரையோரம் காட்டும் நாள் மாசிமகம். திருமலைராயன்பட்டினத்தில் தீர்த்தவாரிக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் வருவார். அவர் துணைவி பத்மினித் தாயார் மீனவக் குலத்துப் பெண் என்பதால் மீனவர்களுக்குப் பெருமாள் தங்கள் வீட்டு மாப்பிள்ளை. அங்கும் பிள்ளைகள் மணல் தோண்டுவார்கள், வியாபாரிகள் கூவுவார்கள். ஆனால் மாப்பிள்ளை குளிக்க வந்த இடத்தில் பெண் வீட்டார் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.