தெய்வத்துக்கு ஏது டியூட்டி நேரம்?

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளில் பலமுறை கேட்கும் சொல், ‘நீங்கதான் சாமி எங்களுக்குத் தெய்வம்’ என்பது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் சாவுக்கும் நடுவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் மட்டும் நிற்கும்போது, மனித வாய்க்கு வேறு சொல் அகப்படாது. அந்தக் கதறலைத் திருத்த எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கதறலாக வந்த சொல்லை ஒரு நாடே கொள்கையாக எடுத்துக்கொண்டு, மேடையிலும் விளம்பரப் பலகையிலும், ஜூலை முதல் தேதி மருத்துவர் தின வாழ்த்திலும் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அதைக் கேள்வி கேட்டே ஆகவேண்டும். மருத்துவரைத் தெய்வமாக்குவது சமயநோக்கில் பிழை, நீதிநோக்கில் அதைவிடப் பெரிய பிழை. நாடு தன் கடமையை ஒளித்துவைக்க அந்தச் சொல் வசதியான மறைவிடமாகிவிட்டது என்பதே என் வாதம்.

தெய்வம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? அதன் அருளுக்கு அளவில்லை. அது உறங்குவதில்லை, கூலி கேட்பதில்லை, தவறுவதில்லை. இந்த இலக்கணத்தை இருபத்தாறு வயது பயிற்சி மருத்துவர்மேல் ஏற்றிப் பாருங்கள். உறங்காத தெய்வத்துக்குப் பணிநேர வரம்பு எதற்கு? அதனால்தான் பட்டமேற்படிப்பு மாணவர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து வேலை பார்ப்பது இந்தியாவில் முறைகேடாகவே தோன்றாமல் போயிற்று. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த பெண் மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். அவர் கண்ணயரச் சென்ற இடம் ஒரு கருத்தரங்கக் கூடம். அந்த மரணத்துக்குப் பிறகே உச்ச நீதிமன்றம் மருத்துவர் பாதுகாப்புக்கென ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ஓய்வறை, கழிப்பறை, பூட்டுள்ள கதவு, போக்குவரத்து என்று நாடு முழுவதும் இளம் மருத்துவர்கள் அப்போது கேட்டவை எல்லாம் மனித உடம்பு உள்ளவர்களுக்கு வேண்டியவை. அதுவரை அவை கண்ணில் படாததற்குப் பணப் பற்றாக்குறை மட்டுமா காரணம்? கும்பிடப்படுகிறவருக்குக் களைப்பு உண்டு என்பது கும்பிடுகிறவர் நினைவுக்கு வருவதில்லை.

தெய்வம் தவறாது என்ற நம்பிக்கையின் விலை இன்னும் கொடியது. தவறக்கூடாதவர் தவறினால் அது பிழையாகத் தெரியாது, துரோகமாகத் தெரியும். 2020ஆம் ஆண்டின் சில வாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மார்ச் 22 மாலை நாடெங்கும் மக்கள் வாசலில் நின்று மருத்துவர்களுக்காகக் கைதட்டினார்கள், தட்டுகளை ஒலித்தார்கள். ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்சைக் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஊழியர்கள் அடிபட்டு ஓட, சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், ஏப்ரல் 22 அன்று, சுகாதாரப் பணியாளர்களைத் தாக்கினால் ஏழாண்டு வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மே 3 அன்று மருத்துவமனைகளின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவினார்கள். கைதட்டியவர்கள் வேறு, கல்லெறிந்தவர்கள் வேறு என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு இரண்டும் ஒரே மனநிலையின் இரு பக்கமாகவே படுகிறது. மருத்துவரை மனிதருக்கு மேலே வைப்பதும் மனிதருக்குக் கீழே தள்ளுவதும் அவரை மனிதராகப் பார்க்க மறுப்பதில் ஒன்றுபடுகின்றன. சட்டமும் இந்த மனநிலையைத் தொடவில்லை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்கென 2008 முதல் தனிச்சட்டம் உண்டு. இருந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, அங்கு சிகிச்சை பெற்ற பெண்ணின் மகன் பட்டப்பகலில் கத்தியால் குத்தினார்.

மருத்துவரைத் தெய்வமாகக் கும்பிடுவதை நம் மரபு என்று சொல்வார்கள். மரபைச் சற்றுத் துருவிப் பார்க்கலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், பதினோராம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே வீரசோழன் என்ற பெயரில் இயங்கிய ஆதுலசாலை என்னும் மருத்துவமனையின் கணக்கு அது. பதினைந்து நோயாளிகளுக்குப் படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், தண்ணீர் வார்ப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இத்தனை கலம் நெல், இத்தனை காசு என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் உண்டு. இரவு முழுவதும் எரிய வேண்டிய ஒரு விளக்குக்கு எண்ணெய்கூடக் கணக்கில் வருகிறது. அந்த ஆதுலசாலை ஊருக்கெல்லாம் திறந்ததல்ல, கோயில் ஊழியர்களுக்கும் அங்கே வேதம் பயின்ற மாணவர்களுக்குமானது. அதைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. என் கவனத்தை ஈர்ப்பது வேறு. பெருமாள் பக்கத்திலேயே எழுந்தருளியிருக்கிறார். தெய்வம் யார், வைத்தியர் யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. பெருமாளுக்குப் பூசை, வைத்தியருக்கு நெல். குறளின் மருந்து அதிகாரத்துடைய கடைசிக் குறளும் இந்தத் தெளிவோடுதான் பேசுகிறது. நோயாளி, தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர் என நான்கு கூறாக மருத்துவத்தைப் பிரிக்கிறது. சரக சம்கிதையிலும் இதே நாற்கூறு உண்டு. குணமாதல் ஒருவர் கையிலிருந்து வரும் அற்புதம் அன்று, நான்கு கூறுகள் சேர்ந்தால் நடக்கும் செயல் என்ற புரிதல் அது.

நாம் செய்ததோ நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துப் பீடத்தில் ஏற்றியது. மற்ற மூன்றும் என்ன ஆயின? அறுபத்தேழு நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் ஸ்வீடனில் சராசரியாக இருபத்திரண்டரை நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லிக்கூடப் பார்க்க முடியாது. அந்த மருத்துவர் அன்பில்லாதவர் என்று எவரும் முடிவு செய்ய வேண்டாம், வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள். 2021-22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி அரசு மருத்துவத்துக்குச் செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 சதவீதம். 2017ஆம் ஆண்டு சுகாதாரக் கொள்கை வைத்த இலக்கோ 2025க்குள் 2.5. அதே 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் மடியிலிருந்து கொடுத்தார்கள். தாலியை அடகு வைத்துவிட்டு வந்து நிற்பவர் மருத்துவரைக் கும்பிடாமல் என்ன செய்வார்? கவனிப்பவர் என்ற கூறின் நிலை இன்னும் மோசம். தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக வேலை செய்யும் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தமிழ்நாட்டில் பலமுறை தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்களை யாரும் தெய்வம் என்று சொன்னதாகத் தெரியவில்லை, அதிகம் போனால் தேவதை. அதற்கும் சம்பளம் கிடையாது. மருந்து என்ற கூறில் மட்டும் தமிழ்நாடு ஒரு காரியம் செய்தது. 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அதன் ஒதுக்கீட்டுக்குள் எடுத்துக்கொள்ள வழி செய்தது. பாஸ்புக்கில் பக்தி இல்லை. ஆனால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விதியை நம்பிய காலத்தில் யாரும் மருத்துவரை அடிக்கவில்லையே, ‘ஆண்டவன் விட்ட வழி’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்களே, அந்த நம்பிக்கை போனதால்தானே இந்த வன்முறை என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லா மரணத்துக்கும் ஒரு குற்றவாளி இருந்தே தீர வேண்டும் என்று நினைப்பவன் யாரையாவது தேடி அடிப்பான். நடந்து முடிந்ததைத் தாங்குவதற்கு விதி என்ற எண்ணம் பெரிய துணை, அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதே எண்ணம் நடக்கும் முன்பே வந்து உட்கார்ந்துகொண்டால்? 2018-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய்மார் மரணம் அசாமில் 195, உத்தரப் பிரதேசத்தில் 167, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. ஊழ் மாநில எல்லை பார்த்து வேலை செய்யுமா என்ன? இரத்த வங்கி எவ்வளவு தூரம், இரவில் மயக்க மருந்து கொடுப்பவர் இருக்கிறாரா, கர்ப்பிணியின் இரத்தசோகையை ஐந்தாம் மாதமே யாராவது கண்டுபிடித்தார்களா என்பவற்றின் கணக்கே இந்த எண்கள். 195க்கும் 19க்கும் இடையில் இறந்த பெண்களை விதியின் தலையில் கட்டினால் அது ஆத்திகமும் ஆகாது. தெய்வத்தின் மேல் சுமத்தும் பழி அது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். தெய்வ நினைப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வியாபாரம்தானே? 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது முதல் மருத்துவர்கள் தற்காப்புக்காகப் பரிசோதனைகளை அடுக்குகிறார்கள், நோயாளிகள் ரசீதை எடுத்துவைத்துக்கொண்டு சந்தேகிக்கிறார்கள் என்ற புலம்பலில் நியாயம் உண்டு. கடைக்காரர் என்ற உருவமும் மருத்துவருக்குப் பொருந்தாதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் ஓரத்தில் இருக்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வரமாட்டா. ஆகப் பணம் கொடுத்தவர் நுகர்வோர், கொடுக்க முடியாதவர் பக்தர். குடிமகனுக்கான இடம் எங்கே? அதை 1996இல் அதே நீதிமன்றம்தான் காட்டியது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, கருவி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் பணம் கட்டிப் பிழைத்தார். உயிர் காக்கும் சிகிச்சையை மறுத்தது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை மீறிய செயல், நிதி இல்லை என்பது சாக்காகாது என்று நீதிமன்றம் சொல்லி, இழப்பீட்டை அரசு கொடுக்க வேண்டும் என்றது. யாரோ ஒரு மருத்துவரின் இரக்கமின்மையாக அதைச் சுருக்கவில்லை, அருள் கிடைக்கவில்லை என்று வருந்தவும் இல்லை. பட்ட கடனைத் திருப்பிக் கேட்கும் குரல் அந்தத் தீர்ப்பில் இருந்தது. நோயாளிக்கு மருத்துவர்மேல் வர வேண்டிய நம்பிக்கையும் அப்படிப்பட்ட நிலத்தில்தான் வளரும். பக்திக்கு விளக்கம் தேவையில்லை. நம்பிக்கைக்குத் தேவை. ‘இந்த மருந்து பலிக்க வாய்ப்பு பாதிதான்’ என்று சொல்ல ஒரு மருத்துவருக்கு இடமிருந்தால்தான், பலிக்காதபோது அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்காமல் இருக்க முடியும்.

சமய உணர்வே இல்லாமல் மருத்துவம் நடக்குமா என்று கேட்டால், இந்நாட்டின் வரலாறு அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் சிறிய மருந்தகமாகத் தொடங்கிய மருத்துவமனையும், மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் ஆழ்ந்த இறைநம்பிக்கையில் பிறந்தவை. முன்னவர் கிறித்தவ ஊழியர், பின்னவர் அரவிந்தரின் வழி நின்றவர். ஆனால் அவர்கள் பக்தியை என்னவாக மாற்றினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்கடர் செவிலியர் பயிற்சிப் பள்ளியை 1909இலும், பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918இலும் தொடங்கினார், தான் ஒருத்தி போதாது என்று அறிந்ததால். அரவிந்த் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, அறுவை மருத்துவரின் கை மற்றவர் செய்யக்கூடிய வேலைக்குப் போகாதபடி பணியைப் பிரித்தது. பணம் கட்டுபவரின் வருவாயில் கட்ட முடியாதவருக்கும் செய்தது. வெளிநாட்டுக் கண்வில்லை விலை தாளாது என்று 1992இல் அரோலேப் என்ற சொந்தத் தொழிற்கூடமே தொடங்கியது. இவர்கள் தங்களுக்குள் இருந்த இறைநம்பிக்கையைப் பிறர் தங்களை வணங்குவதற்காகச் செலவிடவில்லை. பட்டியலாகவும் பயிற்சியாகவும் கூலியாகவும் இறக்கிவைத்தார்கள். மருத்துவருக்குள் இருக்கும் பக்தி வேறு, மருத்துவர்மேல் செலுத்தப்படும் பக்தி வேறு. முதலாவது நாட்டுக்கு லாபம். இரண்டாவதில் லாபம் அடைபவர் நிதிநிலை அறிக்கை எழுதுபவர் மட்டுமே.

இந்த வாதம் உரசிப் பார்க்கப்படும் இடம் மரணத்துக்குப் பின்வரும் விசாரணை. தமிழ்நாட்டில் பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால் அந்த மரணம் தனியே ஆய்வு செய்யப்படுகிறது. எண்ணிக்கை இவ்வளவு குறைந்ததில் இந்த வழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அண்மை ஆண்டுகளில், அந்த ஆய்வுக் கூட்டங்கள் குற்றவாளிக் கூண்டாக மாறிவிட்டன, எல்லார் முன்னும் அவமதிக்கிறார்கள் என்று அரசு மகப்பேறு மருத்துவர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். மரண ஆய்வில் பெயரும் பழியும் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நெறி, அதற்குக் காரணம் கருணை அன்று. தண்டனை வரும் என்று தெரிந்தவர் உண்மையைச் சொல்லமாட்டார். உண்மை வராவிட்டால் அடுத்த தாயும் அதே காரணத்தால் இறப்பார். ஆனால் உள்ளே பேசியதெல்லாம் உள்ளேயே புதைந்தால் குடும்பத்துக்கு மிஞ்சுவது சந்தேகம். அது கத்தியாகவோ கல்லாகவோ திரும்பி வரும். பெயர்களை நீக்கிவிட்டு, இரத்தம் வர எவ்வளவு நேரமாயிற்று, வண்டி எங்கே தாமதித்தது, அன்றிரவு பணியில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை இறந்தவளின் கணவனையும் தாயையும் உட்காரவைத்து அவர்கள் மொழியில் சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் பாதிப் பதில்கள் மருத்துவமனையைத் தாண்டிக் கோட்டைக்குப் போகும். இன்றுவரை அதைச் சொல்லும் வழக்கம் வராததற்கு மருத்துவர்களின் தயக்கத்தைவிட அதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.